எழுதியவாறே படித்தல்

நுழையும்முன்

பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகார வேறுபாடும் காட்டப்பெறுவதில்லை. எழுதியோர் பின்பற்றிய அந்த வழக்கத்தை அறிந்தவர்களே சுவடிகளைப் பிழையின்றிப் படித்தனர். ஓலை அழியாமல் இருப்பது மட்டும் போதாது. எழுதிய முறையும் படிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கணினிக் கோப்புகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

கோப்பின் தேவை

கணினி நிரல் இயங்கும்போது அது கையாளும் தரவுகள் தற்காலிக நினைவகத்தில் தங்குகின்றன. நிரல் முடிந்தாலோ மின்சாரம் நின்றாலோ அவை மறைந்துவிடும். மாணவர் வருகைப் பதிவு, நூலகப் பட்டியல், நாள்தோறும் அளக்கப்படும் மழையளவு முதலியவை அவ்வாறு மறையக்கூடாதவை. எனவே அவற்றை நிலைவட்டு போன்ற சேமிப்பகத்தில் ஒரு பெயரிட்டுப் பாதுகாக்க வேண்டும். அவ்வாறு பெயரிட்டுச் சேமிக்கப்பட்ட தரவுத் தொகுதியே கோப்பு எனப்படும்.

திறத்தலும் மூடுதலும்

பொதுவாக, நிரல் சேமிப்பகத்தை நேரடியாகத் தொடுவதில்லை. கோப்பைத் திறந்து தருமாறு இயக்க அமைப்பிடம் அது வேண்டுகிறது. அப்போது கோப்பின் பெயரோடு, திறக்கும் நோக்கத்தையும் தெரிவிக்க வேண்டும். படித்தல், புதிதாக எழுதுதல், இறுதியில் சேர்த்தல் என்பன முதன்மையான மூன்று முறைகள்.

இவற்றுள் எழுதும் முறை மிகுந்த கவனத்திற்கு உரியது. பைதான், சி++ முதலிய மொழிகளில், ஏற்கெனவே உள்ள ஒரு கோப்பை இம்முறையில் திறந்தால், ஓரெழுத்தும் எழுதப்படுவதற்கு முன்பே பழைய உள்ளடக்கம் முழுவதும் நீங்கிவிடும். வருகைப் பதிவில் இன்றைய வரியைச் சேர்க்க வேண்டிய நிரல், சேர்க்கும் முறைக்கு மாறாக எழுதும் முறையில் கோப்பைத் திறந்தால், ஓராண்டுப் பதிவு ஒரு நொடியில் மறைந்துபோகும்.

எழுதுமாறு நிரல் ஆணையிட்டவுடன் தரவு வட்டைச் சென்றடைவதும் இல்லை. சிறுசிறு பகுதிகளை ஒவ்வொன்றாக வட்டுக்கு அனுப்பினால் நேரம் வீணாகும். ஆதலால் அவை முதலில் இடையகம் என்னும் நினைவகப் பகுதியில் திரட்டப்பட்டு, பின்னர் மொத்தமாக அனுப்பப்படுகின்றன. கோப்பை மூடும்போது நிரலின் இடையகத்தில் எஞ்சியிருப்பது வெளியேற்றப்பட்டு இயக்க அமைப்பிடம் ஒப்படைக்கப்படுகிறது. மூடுவதற்குமுன் நிரல் இடையில் நின்றுவிட்டால், இறுதியாக எழுதிய வரிகள் கோப்பில் இல்லாமற்போகலாம்.

எண்ணும் எழுத்தும்

கோப்பில் உண்மையில் இருப்பவை எண்களே. ஒவ்வொரு பைட்டும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். அவ்வெண் எழுத்தைக் குறிக்கிறதா, அளவைக் குறிக்கிறதா, படத்தின் ஒரு புள்ளியைக் குறிக்கிறதா என்பதைப் பைட்டு தானாகச் சொல்வதில்லை.

திருக்குறளின் குறட்பாக்களது எண்ணிக்கையாகிய 1330ஐச் சேமிப்பதாகக் கொள்வோர் இதனை எளிதில் உணரலாம். உரைக் கோப்பில் அது நான்கு இலக்கங்களாக, 49, 51, 51, 48 என்னும் நான்கு பைட்டுகளில் எழுதப்படும். இருமக் கோப்பில் இரண்டு பைட்டுகளே போதும். 1330 என்பது 5ஐ 256ஆல் பெருக்கி 50ஐக் கூட்டிய தொகையாதலால், 5, 50 என்று அதனை எழுதலாம். சில கணினிகள் பெரும்பகுதியை முதலில் வைக்கும். சில சிறுபகுதியை முதலில் வைக்கும். 5, 50 என எழுதப்பட்டதை மற்றொரு நிரல் மாற்று வரிசையில் கொண்டால், 50ஐ 256ஆல் பெருக்கி 5ஐக் கூட்டும். அப்போது 1330 என்பது 12805 ஆகிவிடும். கோப்பு சிதையவில்லை, பிழைச் செய்தியும் தோன்றாது. ஆயினும் விடை தவறு.

தமிழ்க் கோப்புகள் தந்த பாடம்

எழுத்துகளிலும் இச்சிக்கல் உண்டு. தொடக்ககாலக் கணித்தமிழில் வெவ்வேறு எழுத்துருக்கள் ஒரே எண்ணுக்கு வெவ்வேறு தமிழெழுத்துகளை வழங்கின. எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்பது தெரியாவிடில் கோப்பு பொருளற்ற குறிகளாகவே தோன்றும். இதனைச் சீராக்கத் திஸ்கி, டாம், டாப் முதலிய குறிமுறைகள் உருவாயின. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்கள் பலவற்றைத் திஸ்கி குறிமுறையில் வழங்கியது. பின்னர் ஒருங்குறிக்கு மாறியது. எழுதிய முறை தெளிவாக வரையறுக்கப்பட்டிருந்ததனால்தான் அந்நூல்களை மீண்டும் தட்டச்சு செய்யாமல் நிரல் வழியே மாற்ற இயன்றது. தமிழ்நாடு அரசும் 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

ஒருங்குறியில் ‘தமிழ்’ என்னும் சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளால் ஆனது. பரவலாக வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாக, மொத்தம் 15 பைட்டுகளாகக் கோப்பில் அமையும். ஓரெழுத்துக்கு ஒரு பைட்டு என்று கருதும் நிரல், இவற்றைத் தொடர்பற்ற 15 குறிகளாகக் கொள்ளும். அதுவரை கோப்புக்குத் தீங்கில்லை. சரியான முறையில் மீண்டும் படித்தால் ‘தமிழ்’ மீளும். ஆனால், அக்குறிகளையே எழுத்துகள் எனக் கருதிக் கோப்பில் மீண்டும் சேமித்துவிட்டால், படிப்பில் நேர்ந்த பிழை எழுத்திலும் நிலைத்துவிடும்.

நிரலரின் கடமை

கோப்பைக் கையாளும் நிரலர் சில நெறிகளைப் பின்பற்ற வேண்டும். குறிமுறையைக் கணினியின் இயல்பு அமைப்புக்கு விட்டுவிடாமல் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். கோப்பு திறந்ததா என்பதைச் சோதித்த பின்னரே படிக்கத் தொடங்க வேண்டும். பணி முடிந்ததும் மூட வேண்டும். இன்றியமையாத கோப்பைத் திருத்தும்போது, புதிய உள்ளடக்கத்தை வேறொரு பெயரில் முழுமையாக எழுதி, சரிபார்த்த பின்னரே பழைய பெயருக்கு மாற்ற வேண்டும். இடையில் தடை நேர்ந்தாலும் பழைய கோப்பு எஞ்சியிருக்கும். தரவு எந்த வரிசையில், எந்த அலகில், எந்தக் குறிமுறையில் உள்ளது என்பதையும் கோப்புடன் எழுதி வைக்க வேண்டும்.

இன்று எழுதப்படும் கோப்பை நாளை படிக்கப்போவது வேறொரு நிரலாக இருக்கலாம். எழுதியவரை அறியாத ஒருவராகவும் இருக்கலாம். அவருக்கும் பொருள் விளங்குமாறு எழுதுவதே தரவைக் காக்கும் வழியாகும்.