அண்டாவில் வெட்டிய பெயர்

ஒரு தலைமுறைக்கு முன்பு ஓசூருக்குப் பக்கத்துப் பாகலூர் வீடுகளில் 'பழம்பொருள்' என்று தனியாக எதுவும் கிடையாது. இருந்ததெல்லாம் புழங்கும் பொருள். ராகி அரைக்கத் திருகைக்கல், களி கிண்ட மரத்துடுப்பு, தானியம் அளக்கப் படி, மோர் கடைய மத்து, மாட்டுக் கழுத்துக்கு வெண்கல மணி, பொழுது போகப் பல்லாங்குழி. சன்னபட்டணாவில் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிய மரச்சொப்பு குழந்தைகளுக்கு. கல்லும் மரமும் மண்ணும் மூங்கிலும் பித்தளையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. யாரும் அதைச் சேகரிப்பு என்று சொல்லவில்லை.

பாளையமாக இருந்த ஊர் இது. சேலம் மாவட்டத்தில் இருந்து, 1965இல் தர்மபுரிக்கும் 2004இல் கிருஷ்ணகிரிக்கும் மாறியது. கர்நாடக எல்லை கூப்பிடு தூரம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கியதால், வீட்டுச் சாமானிலும் மூன்று பக்கத்துக் கைவேலையும் கலந்தே கிடந்தது.

பிறகு ஓசூருக்குத் தொழிற்சாலைகள் வந்தன. சிப்காட் தொழிற்பேட்டை, 1980இல் அசோக் லேலண்ட், அதே ஆண்டு டிவிஎஸ் மொபெட், பின்னர் டைட்டன். ஷிப்டுக்கு ஓடும் வீட்டில் திருகை சுற்ற ஆள் ஏது? மாவு மில்லுக்குப் போயிற்று. பித்தளைக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஈயம் பூச வேண்டும், இல்லாவிட்டால் புளிக்குழம்பில் களிம்பு ஏறும். ஈயம் பூசுகிறவர் வருவது நின்றதும் அண்டாவும் தவலையும் பரணுக்கு ஏறின. அடுத்து வாசலுக்கு வந்தவர் பழைய பாத்திரத்துக்கு எவர்சில்வர் கொடுக்கும் வியாபாரி. அவர் தராசில் வேலைப்பாட்டுக்கு விலை இல்லை. கொடி ஓடிய குங்குமச் சிமிழும் உடைந்த குழாயும் கிலோ ஒரே விலைதான்.

இன்று அதே பித்தளை திரும்பி வருகிறது, வேறு விலையில். பாகலூரிலிருந்து எல்லை தாண்டினால் சர்ஜாபுரம். அங்கிருந்து பெங்களூருக்குள் நீளும் சாலை முழுக்க வில்லாக்களும் அடுக்குமாடிகளும். உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடுகிறார்கள். பழைய நிலைக்கதவு சாப்பாட்டு மேஜை ஆகிறது. தேவை பெருகியதும் போலியும் பெருகிவிட்டது. நேற்று வார்த்த விளக்கை அமிலத்தில் நனைத்து, மண்ணில் புதைத்து எடுத்தால் 'நூறு வருஷத்துப் பொருள்' தயார்.

உண்மையானதைக் கையே சொல்லிவிடும். பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கணக்கில் புளியங்கொட்டையை வழித்து எடுத்த பலகையில் குழியின் ஒரு விளிம்பு மட்டும் மழமழவென்று தேய்ந்திருக்கும். கை படாத மூலையில் உளித்தடம் அப்படியே இருக்கும். போலி எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தேய்ந்திருக்கும்.

பாத்திரத்தில் இன்னொரு சாட்சி உண்டு: வெட்டிய பெயர். சீர் கொடுத்தவர் பெயர், ஊர், சில சமயம் தேதி. சிற்றுளியால் புள்ளி புள்ளியாகத் தட்டியிருப்பார்கள். இந்த எல்லைப் பகுதியில் அந்த எழுத்து தமிழாகவும் இருக்கலாம், தெலுங்காகவும் கன்னடமாகவும் இருக்கலாம். எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் பெண் போனாள் என்பதற்கு அண்டாவின் கழுத்தே பத்திரம். கடைக்காரர் பளபளப்புக்காக பாலிஷ் போடும்போது முதலில் மழுங்குவது இந்தப் புள்ளிகள்தான். பொருள் மிஞ்சுகிறது, வரலாறு போய்விடுகிறது.

கல்லைத் தேடுவோரும் இருக்கிறார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் நடுகற்கள் ஏராளம். பல ஊர்களில் அவை இன்றும் வேடியப்பன் என்ற தெய்வமாகப் பூஜை வாங்குகின்றன. பண்ணை வீட்டுத் தோட்டத்துக்கு அழகு சேர்க்கும் கல் அல்ல அது. அதைப் பார்க்க கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருளையும் 75 ஆண்டு கடந்த, மதிப்புள்ள சுவடிகளையும் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. விற்கும் வியாபாரிக்கு உரிமம் வேண்டும்.

சேகரிப்பதே தவறு என்பதில்லை. எச்.எல். நாகேகவுடா கன்னட கிராமங்களில் திரட்டியவற்றைக் கொண்டு 1994இல் ராமநகரத்தில் 'ஜானபத லோக' என்ற நாட்டுப்புற அருங்காட்சியகத்தை அமைத்தார். முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா, பழைய வீடுகளையே பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியது. எங்கிருந்து வந்தது, எதற்குப் புழங்கியது என்ற தகவலோடு வைத்ததால்தான் அவை அருங்காட்சியகங்கள். அந்தத் தகவல் இல்லாவிட்டால் அவையும் வெறும் அலங்காரக் கடைதான்.

பரணில் இருப்பதை விற்பதும் வைத்துக்கொள்வதும் அவரவர் விருப்பம். விற்கும் முன் ஒரு போட்டோ எடுங்கள். யார் வீட்டுச் சீர், எந்த ஊர் வேலை, எதற்குப் புழங்கியது என்று நாலு வரி எழுதி வையுங்கள். வாங்குபவராக இருந்தால் அந்தத் தாளையும் கேட்டு வாங்குங்கள். பெயர் வெட்டிய இடத்தில் பாலிஷ் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். இதையெல்லாம் சொல்லத் தெரிந்த பாட்டிமார் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.