சைனஸ்: குற்றவாளி குளிர் மட்டும்தானா?

ஒக்கலிபுரத்தில் நம்மவர் இருவர் சந்தித்தால், "ஊரில் மழையா?" என்று தொடங்கும் பேச்சு, "இந்தப் பெங்களூர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, ஒரே சைனஸ் தொல்லை" என்று முடிவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பழி முழுவதையும் குளிரின் மேல் போடலாமா?

நெற்றியிலும் கன்னங்களிலும் மூக்கை ஒட்டியும் எலும்புகளுக்குள் உள்ள காற்றறைகளே சைனஸ்கள். அவற்றின் சவ்வு வீங்கி, மூக்கடைப்பும் சளியும் 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சைனஸ் நோய்.

இதற்குக் கிருமி மட்டுமே காரணமன்று. தூசியோ பூஞ்சையோ உறுத்தும்போது சவ்வின் செல்கள் அபாயச் செய்தி அனுப்புகின்றன. உடனே எதிர்ப்புச் செல்கள் இன்டர்லூகின் எனும் இரசாயனத் தூதுவர்களை ஏவுகின்றன. பலரிடம் இன்டர்லூகின்-5 ஈயோசினோஃபில் என்ற வெள்ளணுப் படையைத் திரட்டுகிறது. 13 சளியைப் பெருக்குகிறது. 4 ஒவ்வாமைக்குரிய ஐ.ஜி.இ. எதிர்ப்பொருளைத் தூண்டுகிறது. காவலுக்கு வந்த படை கலையாமல் வீட்டையே சேதப்படுத்துவதுபோல், சவ்வு தடித்து, சிலருக்கு மூக்கினுள் சதை வளர்கிறது. வாசனையும் தெரியாமல் போகலாம். சமையலறையில் கேஸ் கசிந்தாலும் உணர முடியாதென்றால் ஆபத்தை எண்ணிப் பாருங்கள்!

நம் நகரில் பார்த்தீனியச் செடிக்கும் பங்குண்டு. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் பி.வி. சுப்பா ராவ் குழுவினர் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், இங்கு சோதிக்கப்பட்டவர்களில் 7 விழுக்காட்டினருக்கு அதன் மகரந்தத்தால் ஒவ்வாமை மூக்கு நோய் இருந்தது. ஒவ்வாமை உள்ள அனைவருக்கும் சைனஸ் நோய் வருவதில்லை. ஆனால் இரண்டும் ஒருவரிடமே இருந்தால் தொல்லை கூடும்.

கடையில் வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை நாள்கணக்கில் விட்டால் அடைப்பு முன்னிலும் மோசமாகும். கொதித்து ஆறிய நீரில் உப்புக் கரைசல் செய்து மூக்கைக் கழுவுவதும், மருத்துவர் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரேயை ஒழுங்காகப் பயன்படுத்துவதுமே முதல் சிகிச்சை. இவற்றுக்கு அடங்காத மூக்குச் சதைக்கு அறுவை சிகிச்சை உண்டு. இன்டர்லூகின் 4, 13 இரண்டின் செய்தியையும் தடுக்கும் டூபிலுமாப் ஊசிக்கு 2019-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது, விலைதான் அதிகம்.

கண் வீக்கம், பார்வை மங்கல், கடும் காய்ச்சல் கண்டால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். மற்றவர்களும் குளிரைத் திட்டிக்கொண்டு காலம் கடத்தாமல், காது மூக்கு தொண்டை மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.