எண்ணெய் தின்னும் மண்

கடலூர் முதுநகரோ சிதம்பரமோ, டூவீலர் மெக்கானிக் கடை எதுவானாலும் வாசலில் கொஞ்சம் மண் கறுத்துக் கிடக்கும். வருஷக்கணக்காக வடித்த பழைய ஆயில் ஊறிப்போன மண். அதில் புல் முளைக்காது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் பல நிறத்தில் படலம் கட்டி நிற்கும். பார்த்தால் செத்த மண் என்றுதான் சொல்வோம். எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா வேண்டும் என்கிற ஆய்வாளர் தேடிப் போவதோ இப்படிப்பட்ட மண்ணைத்தான்.

டீசல், தார், கழிவு ஆயில், நிலக்கரிப் புகை எல்லாவற்றிலும் ஹைட்ரோகார்பன்கள் இருக்கின்றன. கரியும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த பொருள்கள் இவை. இவற்றில் தொல்லை பிடித்தது, பல பென்சீன் வளையங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் வகை. துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டையின் நாஃப்தலீனுக்கு 2 வளையம். ஃபினாந்திரீனுக்கு 3, பைரீனுக்கு 4, பென்சோபைரீனுக்கு 5. வளையம் கூடக் கூட நீரில் கரைவது குறையும். மண் துகளைப் பற்றிக்கொண்டு வருஷக்கணக்கில் கிடக்கும். பென்சோபைரீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான விஷயம். சிப்காட் ஆலைகள், உப்பனாற்றங்கரையில் நிற்கும் டீசல் படகுகள், நெய்வேலியில் எரியும் பழுப்பு நிலக்கரி என்று கடலூர்ப் பக்கம் இந்த வகைப் பொருள்கள் வந்து சேர வழிகளுக்குப் பஞ்சமில்லை.

பாக்டீரியாவைப் பிடிக்கும் முறை எளிமையானது. குடுவையில் உப்புகள் மட்டும் கரைந்த தண்ணீர், சர்க்கரை கிடையாது. உணவாக ஃபினாந்திரீன் மட்டும் போட்டு, அதில் ஒரு சிட்டிகை கறுத்த மண்ணைச் சேர்த்துக் குலுக்கி வைப்பார்கள். தின்னத் தெரியாதவை பட்டினி கிடக்க, தெரிந்தவை பெருகும். சில நாளில் தெளிந்த நீர் கலங்கிவிடும். அதில் ஒரு சொட்டை ஃபினாந்திரீன் வெள்ளையாகப் பூசிய தட்டில் பரப்பினால், கெட்டிக்கார பாக்டீரியா வளரும் இடத்தைச் சுற்றி வெள்ளைப் பூச்சு கரைந்து கண்ணாடி போலத் தெளிந்த வட்டம் விழும். சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ், பேசில்லஸ் இனங்கள் இப்படி அடிக்கடி அகப்படுகின்றன. 4 வளையத்தைத் தாக்குவதில் பேர்போனது மைக்கோபாக்டீரியம்; காசநோய்க் கிருமியின் தாயாதி! சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் பரங்கிப்பேட்டையிலுள்ள அதன் கடல் உயிரியல் மையத்தாரும் கடலூர் மாவட்டத்து மண்ணிலும் கடலோரச் சேற்றிலும் இத்தகைய நுண்ணுயிரிகளைத் தேடிப் பிரித்திருக்கிறார்கள்.

வளையத்தை உடைக்கும் வேலையைத் தொடங்கி வைப்பது டைஆக்சிஜனேஸ் என்ற நொதி. காற்றிலுள்ள ஆக்சிஜனின் இரண்டு அணுக்களையும் வளையத்தில் கோத்துவிடும். அதன்பின் வளையம் பிளந்து, படிப்படியாகச் சிதைந்து, கடைசியில் மிஞ்சுவது கரியமில வாயுவும் தண்ணீரும். ஒரு பங்கு பாக்டீரியாவின் உடம்பாகிறது. நாஃப்தலீனை உடைக்கும் இதே நொதி, இண்டோல் என்ற பொருளைக் கொடுத்தால் அதை நீலச் சாயமாக மாற்றிவிடும் என்று 1983இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். தட்டில் நீலம் பூத்தால் நொதி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அவுரி பயிரிட்டு இதே நீலம் காய்ச்சிய கடலூர்ப் பக்கத்துக்கு, அதாவது பழைய தென்னார்க்காட்டுக்கு, இது கேட்கப் பிடித்த செய்திதான்.

இவ்வளவு திறமைசாலிகள் இருந்தும் மெக்கானிக் கடை மண் ஏன் அப்படியே கிடக்கிறது? இலை நிறையச் சோறு, ஊற்றிக்கொள்ளக் குழம்பு இல்லை, அதுதான் நிலைமை. எண்ணெயில் கரி ஏராளம். தழைச்சத்தும் மணிச்சத்தும் அநேகமாக இல்லை. 100 பங்கு கரிக்கு 10 பங்கு தழைச்சத்து, 1 பங்கு மணிச்சத்து என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஆகவே யூரியாவும் டி.ஏ.பி.யும் இங்கே மருந்தாகின்றன. 1989இல் எக்ஸான் வால்டீஸ் கப்பல் அலாஸ்காவில் எண்ணெயைக் கொட்டியபோதும் கரையில் உரம் தெளித்து, அங்கேயே இருந்த பாக்டீரியாக்களைத்தான் பெருக்கினார்கள். மாறாக, வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி பல பாக்டீரியாக்களின் திறமையை ஒன்றில் சேர்த்து, 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய்க் காப்புரிமை வென்ற ‘சூப்பர்’ பாக்டீரியா, எண்ணெய் படிந்த கடலில் இறங்கவே இல்லை. டப்பாவில் அடைத்து விற்கும் பாக்டீரியாவைவிட உள்ளூர்க்காரனுக்கு உரமும் காற்றும் கொடுப்பதே பல இடங்களில் புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம்.

காற்று என்றதும் மண்வாகு குறுக்கே வரும். கடலூர்க் கரையோர மணலில் காற்று தாராளம். ஆனால் எண்ணெய் விறுவிறுவென நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும். சிதம்பரத்துக் களியில் எண்ணெய் மேலேயே நிற்கும். ஆனால் காற்று புகாது. உழுது கிளறி, ஈரம் காத்து, உரமிட்டு மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். 2017 ஜனவரியில் எண்ணூரில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் முதலில் ஆட்கள் வாளியால் அள்ளித்தான் தீர வேண்டியிருந்தது. நுண்ணுயிரிகளின் முறை வந்தது, அள்ளிய கசடைச் சுத்திகரிக்கும்போதுதான்.

பழைய ஆயிலில் என்ஜின் தேய்ந்து வந்த உலோகத் துகள்களும் உண்டு. எண்ணெயைத் தின்றாலும் ஈயத்தையும் குரோமியத்தையும் எந்த பாக்டீரியாவும் இல்லாமல் ஆக்க முடியாது. எனவே அடுத்த முறை ஆயில் மாற்றும்போது, பழையதைச் சாக்கடையில் விடாமல் டின்னில் பிடித்து, உரிமம் பெற்ற மறுசுழற்சிக்காரருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.