ஃபியூஸ் எங்கே இருக்கிறது?

காரில் ஹாம் ரேடியோ பொருத்துகிறவர்கள் எந்த செட், எந்த ஆன்டெனா என்று அலசி ஆராய்கிறார்கள். பேட்டரியிலிருந்து செட்டுக்குப் போகும் வயரை மட்டும் கடைசியில், கைக்குக் கிடைத்ததை வைத்து இழுத்துவிடுகிறார்கள். வண்டியைக் கொளுத்தக்கூடியது அந்த வயர்தான். '12 வோல்ட்தானே, தொட்டாலும் ஷாக் அடிக்காதே' என்பார்கள். ஷாக் அடிக்காது, உண்மை. ஆனால் வயரைச் சூடேற்றுவது அதில் ஓடும் கரண்ட். வண்டியைக் கிளப்பும்போது ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு 100 ஆம்பியருக்கு மேல் கொடுக்கும் பேட்டரி, ஷார்ட் ஆனால் அதைவிடப் பல மடங்கு கொட்டும். மெல்லிய வயரின் உறை உருக நொடிகள் போதும்.

ஷார்ட் ஆவதற்கு வாய்ப்பு அதிகமுள்ள இடம், எஞ்சின் அறைக்கும் உட்புறத்துக்கும் நடுவே உள்ள தகரத் தடுப்பு. அங்கே ஓட்டை போட்டு, ரப்பர் புஷ் வைக்காமல் வயரை நுழைத்தால், வண்டி அதிரும்போதெல்லாம் தகர விளிம்பு உறையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். ஒருநாள் பாசிட்டிவ் செம்பு பாடியைத் தொடும். செட்டோடு வந்த வயரில் ஃபியூஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். நீளம் போதாமல் பேட்டரி பக்கம் இன்னொரு துண்டை ஒட்டுப்போட்டிருந்தால், அந்த ஃபியூஸ் தகரத்துக்கு இந்தப் பக்கம், டேஷ்போர்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். ஷார்ட் ஆன கரண்ட் அதன் வழியாகப் போகவே போகாது. பிறகு அது எப்படி எரிந்து காப்பாற்றும்? ஃபியூஸின் முதல் வேலை வயரைக் காப்பது. அதனால் பாசிட்டிவ் முனையிலிருந்து சில அங்குலத்துக்குள் அது இருந்தே ஆக வேண்டும்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்பது அடுத்த வாதம். 5 வாட் கைச்செட்டுக்கு அது சரி. 50 வாட் செட் பேசும்போது 10 ஆம்பியர் அளவுக்கும், 100 வாட் ஹெச்.எஃப். செட் 20 ஆம்பியர் அளவுக்கும் இழுக்கும். சாக்கெட்டின் ஃபியூஸ் போகிறதே என்று பெரியதாக மாற்றுவது எல்லாவற்றையும்விட ஆபத்து. அதன் பிறகு எரிவது வயர்தான். தனி வயர் இழுத்தாலும் தடிமன் முக்கியம். 2.5 சதுர மி.மீ. செம்பு வயரில் செட் 5 மீட்டர் தள்ளியிருந்தால், போகவர 10 மீட்டரில் 20 ஆம்பியருக்குச் சுமார் ஒன்றரை வோல்ட் குறையும். எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட் 11.1 ஆகிவிடும், பல செட்டுகள் கேட்கும் குறைந்தபட்சமோ 11.7. வயர் 6 சதுர மி.மீ. என்றால் இழப்பு 0.6 வோல்ட்தான்.

நெகட்டிவை நேராக பேட்டரி முனையில் கொடுக்கச் சொல்லும் பழைய பாடம் இன்றைய பல வண்டிகளுக்குப் பொருந்தாது. அந்த முனையில் பேட்டரியைக் கண்காணிக்கும் சென்சார் இருந்தால், அதைத் தாண்டிப் போகும் கரண்ட் கணக்கில் வராது. பேட்டரியின் எர்த் கேபிள் பாடியில் போல்ட் போடப்பட்ட இடமே சரி. செட்டையும் மைக்கையும் ஏர்பேக் விரியும் பாதையில் மாட்டவே கூடாது, பக்கவாட்டுத் தூண்களுக்குள் கேபிள் இழுக்கும்போதும் இதையே பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் நிறுத்திய வண்டியில், எஞ்சின் ஓட, குறைந்த பவரில் தொடங்கிப் பேசிப் பாருங்கள். டேஷ்போர்டில் புதிதாக ஏதாவது எச்சரிக்கை விளக்கு எரிந்தால், காரணம் தெரியும்வரை அந்த வண்டியில் செட்டை ஆன் செய்யாதீர்கள்.