ஒரே பாட்டு, இரண்டு அலமாரி

2019 மார்ச்சில் அமெரிக்க இசை ரசிகர்கள் ஒரு பாட்டை வைத்துக் காரசாரமாக மோதிக்கொண்டார்கள். லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் ‘ஓல்ட் டவுன் ரோடு’, பில்போர்டு இதழின் கன்ட்ரி இசைப் பட்டியலில் 19ஆம் இடத்தில் நுழைந்தது. இன்றைய கன்ட்ரி இசைக்கான கூறுகள் போதுமான அளவு இல்லை என்று சொல்லி பில்போர்டு அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. குதிரையும் பாஞ்சோவும் இருக்கும்போது இது கன்ட்ரி இல்லாமல் வேறென்ன என்று கேட்டார்கள் ஒரு தரப்பினர். தாளமும் பாடும் முறையும் ராப் என்றார்கள் மறு தரப்பினர். இரு தரப்பும் விடையைப் பாட்டுக்குள்ளேயே தேடின. ஆனால் விடையில் பாதிதான் அங்கே இருக்கிறது. மீதிப் பாதி, அந்த வகைக்குப் பெயர் சூட்டியவர்களின் கணக்கில் இருக்கிறது.

அந்தக் கணக்கு இசைத்தட்டுக் கடையில் தொடங்கியது. 1920இல் ஓக்கே நிறுவனம் வெளியிட்ட மேமி ஸ்மித்தின் ‘கிரேஸி புளூஸ்’ நன்றாக விற்றதும், கறுப்பின மக்களுக்கென ‘ரேஸ் ரெக்கார்டு’ வரிசைகள் பிறந்தன. 1923இல் அதே நிறுவனம் அட்லாண்டாவில் ஃபிடில் கலைஞர் ஜான் கார்சனின் இசையைப் பதிவு செய்தது. தென்மாநில வெள்ளையரின் இசை ‘ஹில்பில்லி’ என்று தனியாக விற்கப்பட்டது. ஊர்ப்புறத்திலோ இரு மக்களும் ஒருவர் இசையை ஒருவர் கேட்டுத்தான் வளர்ந்தார்கள். கன்ட்ரியின் அடையாளமாகக் கருதப்படும் பாஞ்சோவே, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் உருவாக்கிய கருவி. கன்ட்ரி இசையின் தந்தை எனப் போற்றப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸ் புளூஸ் அமைப்பில் பாடியவர். 1930இல் அவருடைய பாட்டொன்றுக்கு லூயி ஆம்ஸ்ட்ராங் டிரம்பெட் வாசித்தார். அதே அமைப்பில் பாடிய கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகள் வேறு அலமாரிக்குப் போயின. 1949இல் பில்போர்டு ‘ரேஸ்’ என்ற பெயரை ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்று மாற்றியது. அலமாரி இரண்டாகவே நீடித்தது.

அப்படியென்றால் வகை என்பதே வெறும் வியாபாரத் தந்திரமா என்று கேட்கலாம். இல்லை. ஸ்டீல் கிட்டாரின் இழுப்பும் ஃபிடிலின் ஓட்டமும் கதை சொல்லும் வரிகளும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த உண்மையான சொத்து. அது கரைந்துவிடக் கூடாது என்று ரசிகர் கவலைப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தச் சொத்து ஒருபோதும் மாறாமல் இருந்ததில்லை. நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி இசை மேடையில் வெகுகாலம் டிரம்ஸுக்கு வரவேற்பில்லை. இன்று அது கன்ட்ரி குழுக்களின் சாதாரண வாத்தியம்.

ராப் கலந்ததுதான் குறை என்ற வாதமும் நிற்காது. ஃபுளோரிடா ஜார்ஜியா லைன் என்ற வெள்ளையர் இருவரின் ‘க்ரூஸ்’ பாட்டு, ராப் பாடகர் நெல்லியோடு சேர்ந்த வடிவத்தின் வலுவில் 2013இல் கன்ட்ரி பட்டியலின் உச்சியில் நிலைத்து, மொத்தம் 24 வாரம் முதலிடம் வகித்தது. ஆறு ஆண்டு கழித்து வந்த ‘ஓல்ட் டவுன் ரோடு’ பொதுப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் இருந்தும், அந்தக் கன்ட்ரி பட்டியலில் அதற்கு மறுபடி இடம் கிடைக்கவில்லை. எது கன்ட்ரி என்று ரசிகர்கள் விவாதிக்கட்டும்; அந்த விவாதம் இசைக்கு நல்லது. ஆனால் கையில் எடுக்கும் அளவுகோலை, ஏற்கெனவே உள்ளே விடப்பட்ட பாட்டுகள் மீதும் ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும்.