உப்பேரி நுண்ணுயிர்களும் களர் நிலமும்

லடாக்கில், கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 14,900 அடி உயரத்தில், த்சோ கார் என்னும் உப்பேரி உளது. 'வெள்ளை ஏரி' என்பது அப்பெயரின் பொருள். நீர் வடிந்தோட வழியின்மையால், வந்த நீர் ஆவியாக, உப்பு மட்டும் கரையில் வெண்மையாய்ப் படிகின்றது. சாங்பா இடையர் முற்காலத்தில் அதனை வாரி வாணிகஞ் செய்தனர். பனிக்காலத்தில் உறைந்தும் கோடையில் கடுவெயிலில் காய்ந்தும் கிடக்கும் இத்தகைய ஏரிகளிலும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுட் புதியன எவை என்னும் ஆராய்ச்சியால் பெருநகர்க் குடியானவருக்கு யாது பயன்? 'உப்பைத் தின்னும் கிருமி' என்று எவரேனும் புட்டியிலடைத்துக் கொணரின் அதனை வாங்கலாமா என்பதற்கு விடை அதில் இருக்கின்றது.

மாவடுவில் உப்பிட்டால் நீர்விட்டுச் சுருங்குதல் யாவரும் அறிந்ததே. சாதாரண நுண்ணுயிரும் உவர்நீரில் அவ்வாறே வற்றிச் சாகும். உப்பு விரும்பிகளோ, பொட்டாசியத்தை உடலினுள் சேர்த்தோ, எக்டோயின் போன்ற பொருள்களைத் தாமே ஆக்கியோ நீரை இருத்திக்கொள்கின்றன. எக்டோயின், எகிப்து தேசத்து உவர்க்காரை ஏரியொன்றின் நுண்ணுயிரிலிருந்து 1985-இல் அறியப்பட்டது.

விசித்திரமான இடத்தில் கிடைத்தமையால் மாத்திரம் ஓர் உயிர் புதியதாகிவிடாது. ஏரிச் சேற்றைக் கரைத்து, வெவ்வேறு அளவு உப்பிட்ட ஊட்டக்கூழில் பரப்பி, முளைத்த திட்டுக்களுள் ஒன்றைப் பன்முறை பிரித்துத் தூய்மைப்படுத்துவர். உப்பின்றி வளராதது உப்பு விரும்பி. உப்பின்றியும் உப்பிலும் வளர்வது உப்புத் தாங்கி. பின்னர், ஏறக்குறைய 1,500 எழுத்துக்கள் கொண்ட 16எஸ் மரபணுவை அறிந்த இனங்களோடு ஒப்பிடுவர். ஒப்புமை 98.7 சதவிகிதத்திற்குக் குறையின் புதிய இனமாதல் கூடும். மிகினும் முழு மரபுத்தொகுதியை ஒப்பிட்டே முடிவு செய்வர். பெயர் நிலைபெற, அவ்வுயிரை இரு நாடுகளிலுள்ள சேகரிப்பு நிலையங்களில் ஒப்படைத்தல் வேண்டும். சண்டிகரில் அத்தகைய நிலையம் ஒன்று உண்டு. உயரமில்லாத லோணார் உவர்க்காரை ஏரியில் ஹைதராபாத் விஞ்ஞானிகள் கண்ட இந்திபாக்டர் என்னும் புதுப் பேரினம் 2010-இல் இம்முறையாற் பெயர்பெற்றதே.

இனி வயலுக்கு வருவோம். இந்நுண்ணுயிர்கள் உப்பிற் பிழைக்குமேயன்றி, உப்பை நிலத்தினின்று அகற்றமாட்டா. உவர் நிலத்து உப்பை நல்ல நீரால் கழுவி வடித்தே போக்கவேண்டும். களர் நிலத்தில் களிமண்ணைப் பற்றியுள்ள சோடியத்தை ஜிப்சத்தின் சுண்ணாம்புச்சத்து பெயர்த்த பின்னரே நீர் கொண்டு வடிக்க இயலும். வடிகாலில்லையேல் இட்ட ஜிப்சமும் வீண்.

ஆயினும், உப்புத் தாங்கும் நுண்ணுயிருக்கு வேறொரு வேலையுண்டு. தழைச்சத்தை ஈட்டும் சாதாரண நுண்ணுயிர் உரங்கள் களரில் மடிவதால், 1969-இல் நிறுவப்பெற்ற கர்னால் உவர்மண் ஆராய்ச்சி நிலையத்தின் லக்னோ கிளையார் உப்புத் தாங்கும் இனங்களைக் கொண்டு ஹாலோ-அஸோ, ஹாலோ-பி.எஸ்.பி. என்னும் திரவ உரங்களை ஆக்கியுள்ளனர். இவற்றை ஜிப்சத்திற்கும் தக்கைப்பூண்டிற்கும் துணையாகக் கொள்ளலாம், பதிலாகக் கொள்ளலாகாது. வெண்பூ பூத்த வயலுடையோர் முதலில் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பி, அது களரா, உவரா என்பதைத் தெரிந்துகொள்க. களராயின் டி.ஆர்.ஒய். 1 போன்ற தாங்கும் நெல்லினத்தை நாற்றுவிடுமுன்னரே ஜிப்சமிட்டு, நீர் கட்டி வடித்துவிடல் வேண்டும்.