கருப்பு யார்?

தொடர்கதையை ஆரம்பிப்பது மிகவும் சுலபமான காரியம். நள்ளிரவு, நாயின் ஊளை, தூரத்தில் குதிரைக் குளம்பின் ஓசை ஆகிய மூன்றும் கையிருப்பில் இருந்தால் போதும். பத்து வாரங்களைக் கவலையின்றி ஓட்டி விடலாம். முடிப்பதுதான் பெரும்பாடு. வாரந்தோறும் நேயர்களிடம் கடனாக வாங்கிய பயத்தையும் ஆவலையும் கடைசி வாரத்தில் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கொடுக்கத் தவறிய ஆசிரியரை நம் ஜனங்கள் லேசில் மன்னிப்பதில்லை.

அரியலூர்ச் சீமைக்கு இவ்விஷயத்தில் பழைய சம்பந்தம் ஒன்று உண்டு. அந்த ஜில்லாவிலுள்ள பழுவூரின் பெயரைத் தமிழர் வீடுகளிலெல்லாம் பரப்பிய 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரையில் வாரந்தோறும் வெளிவந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற கை யாருடையது என்பதை ஆசிரியர் கல்கி திட்டமாகச் சொல்லாமலே கதையை முடித்தார். வாசகர்கள் குறைப்பட்டுக் கொண்டார்கள். அவரும் ஒரு முடிவுரை எழுதிச் சமாதானம் சொல்ல நேர்ந்தது. ஆகவே, முடிவைப் பற்றிய வழக்கு டெலிவிஷன் பெட்டியோடு பிறந்ததல்ல. பெட்டி வந்த பிறகு அந்த வழக்கு கூடத்துக்குள் வந்து குடியேறியது, அவ்வளவுதான்.

டெலிவிஷன் நாடகங்களில் இத்தகைய வழக்குக்கு இடங்கொடுத்தவற்றுள் முதன்மையாக நாம் கருதுவது 'மர்மதேசம்' வரிசையில் வந்த 'விடாது கருப்பு'. இந்திரா சௌந்தரராஜன் எழுதி, நாகா இயக்கி, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்த இந்த நாடகம் 1990-களின் பிற்பகுதியில் சன் டெலிவிஷனில் ஒளிபரப்பாயிற்று. கதையாசிரியர் 2024 நவம்பரில் காலமான போது, நேயர்கள் பலருடைய வாயில் முதலில் வந்த பெயர் கருப்புதான். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் முடிவைப் பற்றிய வாதம் ஓயவில்லை. நாமும் அந்த நாடகத்தின் தீவிர ரசிகர்களில் ஒருவர் என்பதை முன்னதாகவே சொல்லி விடுகிறோம்.

கதை நடக்கும் ஊர் கற்பனையூர். அங்கே காவல் தெய்வம் கருப்புசாமி. ஊரில் எவனாவது தப்புச் செய்தால், இரவில் கருப்பு குதிரையேறி வந்து தண்டிப்பதாக நம்பிக்கை. அதற்கேற்றாற்போல் மரணங்களும் நிகழ்கின்றன. ஒரு பக்கம் ராஜேந்திரன் என்னும் சிறுவனுடைய கதை; மறு பக்கம் பல ஆண்டுகளுக்குப் பின் அதே ஊரில் நடக்கும் கதை. இரண்டும் பின்னல் போல் மாறி மாறி வருகின்றன. நாடகத்தை இதுவரை பாராதவர்கள் இந்த இடத்தில் பத்திரிகையை மூடி வைத்து விடுவது நலம். ஏனென்றால், கருப்பு யார் என்பதை இனி மறைப்பதற்கில்லை. வளர்ந்து பெரியவனாகிவிட்ட ராஜேந்திரனே கருப்பு! சிறு பிராயத்தில் பட்ட அச்சமும் துயரமும் அவன் மனத்தை இரண்டாகப் பிளந்து விட்டன. ஒரு பாதிக்கு மறு பாதி செய்யும் காரியம் தெரியாது.

இந்த முடிவைக் கண்டதும் நேயர்கள் இரு கட்சிகளாகப் பிரிவது இயல்பு. "கடைசியில் வெறும் வியாதிதானா? இதற்காகவா இத்தனை வாரம் கதவைத் தாழிட்டுக் கொண்டு நடுங்கினோம்?" என்பது ஒரு கட்சி. "நல்ல வேளை! மூட நம்பிக்கையை வளர்க்காமல் பகுத்தறிவுக்குப் பொருந்த முடித்தார்களே!" என்பது மற்றொரு கட்சி. முதற் கட்சி சாமியை இழந்து விட்டதாக வருந்துகிறது. இரண்டாவது கட்சி சாமியை ஜெயித்து விட்டதாக மகிழ்கிறது.

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களைப் போன்ற நாட்டுப்புறத்தில் இவ்வழக்கு வெறும் பொழுதுபோக்காக நின்று விடாது. அங்கே காவல் தெய்வம் திரையில் மட்டும் இருப்பதல்ல. ஊரெல்லையில் அருவாளுடன் நிற்பது. பெரம்பலூருக்குத் தெற்கே, திருச்சி செல்லும் சாலையில் உள்ள சிறுவாச்சூரை எடுத்துக் கொள்ளுங்கள். அங்குள்ள மதுரகாளியம்மன் கோயில் திங்கள், வெள்ளி ஆகிய நாட்களில்தான் வழக்கமாக நடை திறக்கும். மந்திரவாதி ஒருவனுடைய பிடியில் சிக்கியிருந்த செல்லியம்மனை மதுரகாளி வந்து விடுவித்ததாகவும், பிறகு செல்லியம்மன் மலைக்குச் சென்றதாகவும் தலபுராணம் சொல்கிறது. மர்மதேசத்துக்கு எவ்விதத்திலும் குறையாத கதை!

அதே சிறுவாச்சூரில் 2021 அக்டோபரில், பெரியசாமி மலையில் உள்ள தெய்வச் சிலைகள் பல உடைக்கப்பட்டன. பக்தர்கள் பதறினார்கள். 'விடாது கருப்பு' நாடகத்தில் இப்படி நிகழ்ந்திருந்தால், மறுவாரமே குளம்போசை கேட்டிருக்கும். குற்றவாளி விடிவதற்குள் பிணமாகியிருப்பான். உண்மையில் நடந்ததென்ன? வழக்குப் போலீஸிடம் சென்றது. தெய்வத்திடம் பக்தி குறையாமலே, குற்றத்துக்குச் சட்டத்தை நாட நம் ஜனங்கள் கற்றிருக்கிறார்கள். நாடகத்தின் முடிவினால் பக்தி போய்விடும் என்று அஞ்சியவர்களுக்கு இதுவே தக்க பதில். தெய்வத்தின் பெயரால் ஒரு மனிதன் கொலை செய்யலாகாது என்று கதை சொல்கிறதே தவிர, தெய்வத்தைக் கும்பிடாதே என்று சொல்லவில்லை.

நமக்கு அந்த முடிவில் பெரிதாகப் பட்டது வேறொன்று. கருப்பு ஊரெல்லையில் நின்ற வரையில் நாம் பயந்தது இரவுக்கு மட்டும். தப்புச் செய்யாதவனுக்கு அந்தப் பயமும் இல்லை. கருப்பு ஒரு சிறுவனின் உள்ளத்தில் பிறந்தது என்று தெரிந்த பிறகோ, பயம் பகலிலும் நம் வீட்டுக்குள் உட்கார்ந்து கொள்கிறது. சோறு உண்ணாத குழந்தையிடம் "கருப்பு வந்து பிடித்துக் கொண்டு போகும்" என்று சொல்லாத பாட்டி நம் நாட்டில் எத்தனை பேர்? வேடிக்கையாகச் சொன்ன அந்த வார்த்தையால் நோய் வந்து விடாது என்பது மெய்தான். ஆனால் அடியும் அவமானமும் கூடவே சேர்ந்து கொண்டால், குழந்தை அவற்றை எங்கே பத்திரப்படுத்தி வைக்கிறது என்பதை நாம் ஒரு நாளும் விசாரிப்பதில்லை. அந்த விசாரணையைப் பெரியவர்களின் மேல் சுமத்தியதுதான் அம்முடிவின் பெருமை. கடன் தீர்ந்தது, நேயர்கள் எதிர்பாராத நாணயத்தில் தீர்ந்தது.

ரசிகர் என்பதற்காகக் குற்றம் காணாதிருக்க முடியுமா? ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். மனம் பிளவுபடும் இந்நோய்க்கு அமெரிக்க வைத்தியர்கள் 1994-ல் பெயரைக்கூட மாற்றி வைத்தார்கள். நம் கதைகளோ பழைய வழியை விடவில்லை. 1993-ல் மலையாளத்தில் வெளிவந்த 'மணிச்சித்திரத்தாழ்', 2005-ல் தமிழில் வந்த 'சந்திரமுகி', 'அந்நியன்' எல்லாவற்றிலும் நோயாளி ஆயுதத்துக்கு அருகில்தான் நிற்கிறார். உண்மையில் மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு நினையாதவர்கள். பிறரால் தீங்குக்கு ஆளாகிறவர்களே அதிகம். 2001 ஆகஸ்டு 6-ந் தேதி இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் காப்பகம் ஒன்று தீப்பற்றிய போது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் மாண்டார்கள். நோயாளியைச் சங்கிலியால் பிணைக்கலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடுத்திருக்கிறது.

இதற்காகத் தெய்வ சந்நிதியை விட்டு விட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. திருச்சிக்கு அருகே குணசீலம் பெருமாள் கோயிலுக்குச் சித்தம் கலங்கியவர்களை அழைத்து வரும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. சந்நிதியில் மன ஆறுதல் பெறட்டும். கூடவே வைத்தியரிடமும் காட்டட்டும். இரண்டுக்கும் சண்டை மூட்டி விட வேண்டிய அவசியமில்லை.

இனி யாராவது இந்த நாடகத்தை மறுபடியும் போட்டுப் பார்க்க உட்கார்ந்தால், அவர்களுக்கு ஒரு யோசனை சொல்லுவோம். முதல் தடவை எல்லோரும் குதிரையைத்தான் கவனிப்பார்கள். இரண்டாம் தடவை அந்தச் சிறுவனைக் கவனியுங்கள். அவன் பயந்து நிற்கும் இடங்களில் பெரியவர்கள் என்ன செய்து கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கருப்பு யார் என்பதற்கு விடை அங்கேயே இருக்கிறது. கடைசி வாரம் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை.